இன்டர்பிரட்டரின் நிரலைக் கோப்புகளாகப் பிரிப்பது: எங்கே வெட்டுவது?

அரைப்புள்ளி | சனி, இரவு 9:40

ஒரு வருடமாக ஓய்வு நேரத்தில் சின்னதாக ஒரு நிரல் மொழியும் அதை இயக்கும் இன்டர்பிரட்டரும் எழுதி வருகிறேன். சி-யில்தான். நிரலைச் சொற்களாக (டோக்கன்களாக) வெட்டும் லெக்ஸர், அவற்றின் இலக்கணம் பார்க்கும் பார்சர், அதைச் சிறு கட்டளைகளாக (பைட்கோடாக) மாற்றும் கம்பைலர், அதை ஓட்டும் ஸ்டாக் மெஷின் (விஎம்), பயன்படாத மெமரியைத் திரும்பப் பெறும் கார்பேஜ் கலெக்டர் எல்லாம் வந்துவிட்டன. பிரச்சினை என்னவென்றால் அத்தனையும் மெயின்.சி என்ற ஒரே கோப்பில் இருக்கின்றன. 4,800 வரிகள். ஒரு ஃபங்ஷனைத் தேடிப் போனால் வழியில் மூன்று பழைய பிழைகளைப் பார்த்துவிட்டு, தேடி வந்தது எதை என்பதையே மறந்துவிடுகிறேன்.

எனவே பிரிக்க உட்கார்ந்தேன். ஃப்ரன்ட்எண்ட், மிடில், பேக்எண்ட், ரன்டைம், நூலகம், யூட்டில்ஸ் என்று ஆறு டைரக்டரிகள், மொத்தம் 31 கோப்புகள். தாளில் பார்க்க அழகாக இருந்தது. இரண்டு இரவு வெட்டி ஒட்டிய பிறகு இப்போது பில்டே ஆகவில்லை. ஒரு கோப்பு மற்றொன்றில் என்ன இருக்கிறது என்று அறிய அதன் .ஹெச் ஹெடரை இன்க்ளூட் செய்ய வேண்டும்; இங்கே வேல்யூ.ஹெச் ஆப்ஜெக்ட்.ஹெச்சைக் கேட்கிறது, ஆப்ஜெக்ட்.ஹெச் மெமரி ஒதுக்க விஎம்.ஹெச்சைக் கேட்கிறது, விஎம்.ஹெச் திரும்ப வேல்யூ.ஹெச்சைக் கேட்கிறது. எல்லாரும் எல்லாரையும் இன்க்ளூட் செய்கிறார்கள். ஒரே கோப்பில் இருந்தபோதாவது ஓடியது.

பிரித்தவர்கள் எப்படிப் பிரித்தீர்கள்?

---

ஒற்றைக்கோப்பு | சனி, இரவு 10:05

என் பெயரைப் பார்த்தாலே பதில் தெரியும். பிரிக்காதீர்கள். 4,800 வரி ஒரு பெரிய விஷயமே இல்லை. எஸ்க்யூலைட் டேட்டாபேஸ் நூற்றுக்கும் மேற்பட்ட கோப்புகளை ஒன்றாக்கி ஒரே சி கோப்பாகத்தான் வெளியிடுகிறது, 2 லட்சம் வரிகளுக்கு மேல். கம்பைலருக்கு முழுதும் ஒரே பார்வையில் தெரிவதால் 5 முதல் 10 சதவீதம் வேகம் கூடுகிறது என்று அவர்களே சொல்கிறார்கள். அதற்குள்ளும் ஒரு பைட்கோடு மெஷின் இருக்கிறது, எனவே ஒப்பீடு பொருந்தும்.

---

பழைய_சி_ஆள் | சனி, இரவு 10:31

ஒற்றைக்கோப்பு பாதியைத்தான் சொல்கிறார். அந்த ஒரே கோப்பு ஸ்கிரிப்ட் தயாரிப்பது. எழுதுகிறவர்கள் திருத்துவது அந்த நூற்றுச்சொச்சம் கோப்புகளைத்தான். கம்பைலருக்கு ஒன்று, மனிதருக்குப் பல. இரண்டையும் குழப்ப வேண்டாம்.

அரைப்புள்ளி, உங்கள் திட்டத்தில் எனக்கு இருக்கும் சந்தேகம் வேறு. ஆறு டைரக்டரிகளும் ஏதோ ஒரு பாடப் படத்தில் இருந்து வந்தவை மாதிரி இருக்கின்றன. இடப்பக்கம் நிரல், நடுவில் பெட்டிகள், வலப்பக்கம் விடை. அந்தப் படம் நிரல் ஓடும் வரிசையைக் காட்டுகிறது. நீங்கள் வேலை செய்யும் வரிசை அதுவல்ல.

ஒன்று செய்யுங்கள். மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் கடைசியாகப் போட்ட 20 கமிட்களை (பதிவுகளை) எடுத்து, ஒவ்வொன்றும் கோடின் எந்தெந்தப் பகுதிகளைத் தொட்டது என்று எழுதுங்கள். பிறகு பேசலாம்.

---

அரைப்புள்ளி | ஞாயிறு, காலை 7:15

எழுதிப் பார்த்தேன். கொஞ்சம் வெட்கமாகவே இருக்கிறது.

20-ல் 11 கமிட்கள் ஒரே அச்சு: புதிதாக ஒரு ஆபரேட்டரோ ஸ்டேட்மென்டோ சேர்த்தது. ஒவ்வொரு முறையும் டோக்கன் என்யூம் (பெயர்களின் பட்டியல்), கீவேர்டு பட்டியல், பார்சர், கம்பைலர், ஆப்கோடு (பைட்கோடு கட்டளை) என்யூம், விஎம்மின் ஸ்விட்ச், கடைசியில் பைட்கோடை அச்சிட்டுக் காட்டும் டிஸ்அசெம்ப்ளர் என ஏழு இடங்கள். இதில் டிஸ்அசெம்ப்ளரை நான்கு முறை மறந்து, அடுத்த கமிட்டில் சேர்த்திருக்கிறேன்.

மீதியில் ஐந்து, ஸ்ட்ரிங் மற்றும் லிஸ்ட் ஃபங்ஷன்கள். மூன்று, கார்பேஜ் கலெக்டர் பிழைகள். ஒன்று ரீட்மீ.

என் திட்டப்படி அந்த ஏழு இடங்களும் நான்கு டைரக்டரிகளில் சிதறும்.

---

நடுநிசி_பில்ட் | ஞாயிறு, காலை 8:02

அந்த நான்கு மறதிகள்தான் உங்களுக்குக் கிடைத்த முதல் வடிவமைப்புக் குறிப்பு.

ஆப்கோடு பட்டியலை ஒரே இடத்தில் வையுங்கள். பெயர், எத்தனை பைட் ஆபரண்ட் (கட்டளையோடு வரும் மதிப்பு), ஸ்டாக்கில் எத்தனை ஏறும் எத்தனை இறங்கும் என்று ஒரு வரிக்கு ஒரு ஆப்கோடு. சி-யில் இதற்கு எக்ஸ்-மேக்ரோ, அதாவது ஒரே பட்டியலை வெவ்வேறு கோடாக விரிக்கும் தந்திரம், போதும். ஒரே பட்டியலை மூன்று முறை இன்க்ளூட் செய்கிறீர்கள். ஒருமுறை என்யூமாக விரிகிறது, ஒருமுறை பெயர் அரேயாக, ஒருமுறை ஆபரண்ட் நீள அரேயாக. டிஸ்அசெம்ப்ளர் அந்த அரேக்களைப் பார்த்து அச்சிட்டுவிடும். அதை மறக்கவே முடியாது.

பெரிய மொழிகள் பலவும் இந்த இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கின்றன. ரூபியில் இன்ஸ்ன்ஸ்.டெஃப் என்ற கோப்பில் விஎம் கட்டளைகளின் வரையறை இருக்கிறது, அதிலிருந்து சி கோடு உருவாகிறது. பிஎச்பி-யின் ஸெண்ட் எஞ்சினில் வரையறைக் கோப்பு ஒன்று, அதைப் படித்து எக்ஸிக்யூட்டர் கோடை உருவாக்க பிஎச்பி-யிலேயே எழுதிய ஸ்கிரிப்ட் ஒன்று. பைதானின் வழக்கமான இன்டர்பிரட்டரான சிபைதான் 3.12-ல் இருந்து பைட்கோட்ஸ்.சி என்ற கோப்பில் கட்டளைகளை எழுதி, ஸ்விட்சின் கேஸ்களை அதிலிருந்து உருவாக்குகிறது. பார்க்க சி மாதிரி இருக்கும், ஆனால் அது நேரடியாகக் கம்பைல் ஆவதற்கான கோப்பு இல்லை. முதல் தடவை திறந்தபோது எனக்குத் தலைசுற்றியது.

ஆனால் நீங்கள் ஜெனரேட்டர் எழுதிவிடாதீர்கள். 60 ஆப்கோடுக்கு அது தேவையில்லாத வேலை. அப்புறம் ஜெனரேட்டரைப் பராமரிப்பதே பொழுதாகிவிடும்.

---

மரமேறி | ஞாயிறு, காலை 9:20

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். லெக்ஸர், பார்சர், கம்பைலர் என்று கட்டம் கட்டமாகப் பிரிப்பதைப் பழைய_சி_ஆள் ஏதோ தவறு போலச் சொல்கிறார். எல்லா இன்டர்பிரட்டரும் அப்படித்தானே இருக்கிறது? சிபைதானில் பார்சர் என்றே ஒரு டைரக்டரி உண்டு.

---

பழைய_சி_ஆள் | ஞாயிறு, காலை 10:10

> எல்லா இன்டர்பிரட்டரும் அப்படித்தானே இருக்கிறது?

அதே சிபைதானில் பக்கத்து டைரக்டரிகளையும் பாருங்கள். ஆப்ஜெக்ட்ஸ் என்று ஒன்று. அதில் லிஸ்டுக்கு ஒரு கோப்பு, டிக்ட்டுக்கு ஒரு கோப்பு, முழு எண்ணுக்கு ஒரு கோப்பு. அது கட்டம் இல்லை, டேட்டா வகை. மாட்யூல்ஸ் என்பது இன்னொரு கணக்கு. கம்பைலரும் இயக்கும் லூப்பும் பைதான் என்ற பெயருள்ள டைரக்டரியில் ஒன்றாகக் கிடக்கின்றன. ஒரே கொள்கையால் வெட்டிய மரம் இல்லை அது. வெவ்வேறு இடத்தில் வெவ்வேறு காரணத்துக்காக வெட்டியிருக்கிறார்கள்.

1972-ல் டேவிட் பார்னஸ் ஒரு கட்டுரை எழுதினார். ஒரே நிரலை இரண்டு விதமாகப் பிரித்துக் காட்டினார். முதல் விதம், படி 1, படி 2 என்று ஓட்டப் படத்தின் பெட்டிகள்படி. இரண்டாவது, ஒவ்வொரு மாட்யூலும் மாறக்கூடிய ஒரு முடிவைத் தனக்குள் மறைத்துக்கொள்வது. முதல் விதத்தில் டேட்டாவை வைக்கும் முறை மாறினால் எல்லா மாட்யூலும் மாற வேண்டியிருந்தது. இரண்டாவதில் ஒன்றோடு முடிந்தது.

கட்டம் கட்டமாகப் பிரிப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. லெக்ஸரிலிருந்து வெளியே போவது டோக்கன் மட்டும்தான் என்றால் அது நல்ல எல்லை. உள்ளே எப்படிப் படிக்கிறது என்று யாருக்கும் தெரியத் தேவையில்லை. ஆனால் ஒரு மதிப்பு மெமரியில் எப்படி இருக்கிறது என்பது எந்தக் கட்டத்துக்கும் சொந்தமில்லை. கம்பைலருக்குத் தெரியும், விஎம்முக்குத் தெரியும், கலெக்டருக்குத் தெரியும், நூலக ஃபங்ஷன்களுக்குத் தெரியும். கட்டப்படி வெட்டினால் இந்த ரகசியம் எல்லாக் கோப்பிலும் கசிந்துவிடும்.

இன்று உங்கள் மதிப்பு வகையைச் சொல்லும் ஒரு டேக்கும் மதிப்பை வைக்கும் ஒரு யூனியனும் சேர்ந்த ஸ்ட்ரக்டாக இருக்கலாம். 64 பிட் மெஷினில் வழக்கமாக 16 பைட். நாளை 8 பைட்டில் அடக்க NaN-பாக்சிங் ('எண் அல்ல' என்ற தசம எண் மதிப்பின் வெற்று பிட்களில் மற்ற வகைகளை ஒளிப்பது) போகத் தோன்றும். தோன்றாமல் இருக்காது, எல்லாருக்கும் தோன்றியிருக்கிறது. அன்று 'இது எண்ணா', 'எண்ணை எடு', 'எண்ணிலிருந்து மதிப்பு செய்' என்ற மூன்று நான்கு மேக்ரோக்கள் வழியாகவே எல்லாரும் போயிருந்தால் ஒரு ஹெடரை மாற்றினால் போதும். டேக் ஃபீல்டை நேரடியாகத் தொட்டிருந்தால் ஒரு வாரம் போச்சு.

---

மரமேறி | ஞாயிறு, காலை 10:48

சரி, மதிப்பு விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புது ஆபரேட்டர் சேர்த்தால் பார்சரும் கம்பைலரும் விஎம்மும் மாறத்தானே வேண்டும்? அதை எந்தக் கோப்புப் பிரிவும் தடுக்காதே. ஆபரேட்டருக்கு ஒரு கோப்பு என்று வைத்து, அதற்குள்ளேயே பார்ஸ் செய்வது, கம்பைல் செய்வது, இயக்குவது எல்லாவற்றையும் போட்டால்?

---

பழைய_சி_ஆள் | ஞாயிறு, காலை 11:05

போடலாம். அப்போது புது ஆபரேட்டர் சேர்ப்பது சுலபம். எல்லா ஆபரேட்டருக்கும் பொருந்தும் புது வேலை ஒன்றைச் சேர்ப்பது, உதாரணமாக ஒரு ஆப்டிமைசர், கஷ்டம். எல்லாக் கோப்பையும் திறக்க வேண்டும். கட்டம் கட்டமாக வெட்டுவது வரிசை, ஆபரேட்டர் வாரியாக வெட்டுவது நெடுக்கு என்று வையுங்கள்: வரிசைகளாக வெட்டினால் நெடுக்கு கஷ்டம், நெடுக்காக வெட்டினால் வரிசை கஷ்டம். இதற்கு எக்ஸ்பிரஷன் ப்ராப்ளம் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். எது அடிக்கடி நடக்கிறது என்று பார்த்து ஒரு பக்கம் சாய வேண்டியதுதான்.

நடைமுறையில், கட்டங்கள் தனித்தனிக் கோப்பாக இருக்கட்டும். அவற்றை இணைக்கும் பட்டியல்கள் ஒரே இடத்தில் இருக்கட்டும். நடுநிசி_பில்ட் சொன்னது அதுதான்.

டைரக்டரிகளை மட்டும் விட்டுவிடுங்கள். லுவா மொழியின் இன்டர்பிரட்டர் முழுதும், சுமார் 30,000 வரி, ஒரே டைரக்டரியில் தட்டையாக இருக்கிறது. அங்கே எனக்குப் பிடித்தது வேறொன்று: ஃபங்ஷன் பெயரிலேயே கோப்பின் முகவரி இருக்கிறது. லுவாவி என்று தொடங்கினால் எல்விஎம்.சி, லுவாஹெச் என்றால் எல்டேபிள்.சி, லுவாசி என்றால் எல்ஜிசி.சி, லுவாகே என்றால் எல்கோட்.சி. ஒரு எழுத்து, ஒரு கோப்பு. தேடவே வேண்டாம்.

---

குப்பைவண்டி | ஞாயிறு, மதியம் 1:30

எல்லாரும் அழகியல் பேசிக்கொண்டிருக்கிறீர்கள், அவருடைய பில்ட் இன்னும் உடைந்துதான் கிடக்கிறது.

அரைப்புள்ளி, உங்கள் சுழல் இரண்டு வகை. ஒன்று பொய்ச் சுழல். வேல்யூ.ஹெச்சுக்கு ஆப்ஜெக்டின் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியத் தேவையில்லை, அப்படி ஒரு ஸ்ட்ரக்ட் உண்டு என்று தெரிந்தால் போதும். பாயின்டர் மட்டும்தானே வைக்கிறது. ஸ்ட்ரக்ட் பெயரை முன்கூட்டி அறிவித்துவிட்டு, முழு ஹெடரையும் இன்க்ளூட் செய்வதை நீக்குங்கள். பாதிச் சுழல் இதிலேயே அவிழும்.

மற்றது நிஜச் சுழல். மெமரி ஒதுக்கும் ஃபங்ஷன், இடம் போதாவிட்டால் கலெக்டரைக் கூப்பிடும். கலெக்டர் உயிரோடு இருப்பவை எவை என்று அறிய விஎம்மின் ஸ்டாக்கையும் குளோபல்களையும் பார்க்க வேண்டும். விஎம் இயங்க ஒதுக்கும் ஃபங்ஷன் வேண்டும். இது ஹெடர் தந்திரத்தால் தீராது, ஏனென்றால் வேலையே சுழல்தான். தீர்வு: கலெக்டருக்கு விஎம் தெரியக் கூடாது. 'வேர்களைக் குறி' (நேரடியாகப் பிடித்து வைத்திருப்பவற்றைக் காட்டு) என்று ஒரு ஃபங்ஷன் பாயின்டரை விஎம் தொடங்கும்போதே பதிவு செய்யட்டும். கலெக்டர் அதைக் கூப்பிடும், யார் பதில் சொல்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது.

இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், என் மொழியில் ஒரு பிழை மூன்று வாரம் தூங்கவிடவில்லை. பெரிய நிரல்களைக் கம்பைல் செய்தால் மட்டும் எப்போதாவது ஒரு ஸ்ட்ரிங் காணாமல் போகும். பிரித்தபோது வேர்களைக் குறிக்கும் கோடு முழுவதையும் விஎம்.சி-க்குள் தள்ளியிருந்தேன். கம்பைலரும் ஸ்ட்ரிங் ஒதுக்குகிறது என்பதையே மறந்துவிட்டேன். கம்பைல் ஆகிக்கொண்டிருக்கும்போது கலெக்டர் ஓடினால், பாதி கட்டிய ஃபங்ஷனின் கான்ஸ்டன்ட்களை யாரும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. கலெக்டர் தன் கடமையைச் செய்துவிட்டது.

லுவாவில் இதற்கு லெக்ஸரிலேயே ஏற்பாடு இருக்கிறது. படிக்கும் ஸ்ட்ரிங்கை ஸ்கேனரின் ஒரு டேபிளில் கட்டிப்போடுகிறது, கம்பைல் முடியும் வரை அது போகாது. அதை முன்பே படித்திருந்தால் மூன்று வாரம் மிச்சம்.

எனவே வேர்களைத் தரும் ஃபங்ஷன் ஒன்று அல்ல, ஒரு பட்டியலாக இருக்கட்டும். விஎம் ஒன்று தரட்டும், கம்பைலர் ஒன்று தரட்டும். அப்புறம், ஒவ்வொரு ஒதுக்கலின்போதும் கலெக்டரை ஓட வைக்கும் ஒரு பில்ட் ஃப்ளாக் வையுங்கள். ஆமையாக ஓடும். ஆனால் கோப்புகளை இடம் மாற்றும் ஒவ்வொரு படிக்குப் பிறகும் அதில் ஒருமுறை டெஸ்டுகளை ஓட்டினால், என் மூன்று வாரம் உங்களுக்கு மூன்று நிமிடம்.

---

ஒற்றைக்கோப்பு | ஞாயிறு, மதியம் 2:12

வேகம் பற்றி யாரும் பேசவில்லை. விஎம் லூப்பில் கூட்டல் நடக்கும்போது அது வேறு கோப்பில் இருக்கும் ஃபங்ஷனைக் கூப்பிட்டால் இன்லைன் ஆகாது, அதாவது கூப்பிடும் இடத்திலேயே அதன் கோடு பதியாது.

---

நடுநிசி_பில்ட் | ஞாயிறு, மதியம் 2:40

நியாயம். மூன்று வழி. சின்னஞ்சிறு ஃபங்ஷன்களை ஸ்டாட்டிக் இன்லைனாக ஹெடரில் வைப்பது. லிங்க் நேரத்தில் ஆப்டிமைஸ் செய்யும் எல்டிஓ-வை ஆன் செய்வது. அல்லது எல்லாச் சி கோப்பையும் இன்க்ளூட் செய்யும் ஒரு கோப்பை வெளியீட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்வது, அதாவது உங்கள் எஸ்க்யூலைட் வழி. மூன்றாவதைச் செய்தால் வெவ்வேறு கோப்புகளில் ஒரே பெயரில் ஸ்டாட்டிக் ஃபங்ஷன்கள் இருக்கக் கூடாது, மோதும்.

வேகத்துக்காகவே கோப்பைப் பிரித்தவர்களும் உண்டு. பெர்லில் பிபி_ஹாட்.சி என்று ஒன்று இருக்கிறது. அடிக்கடி ஓடும் ஆப்கோடுகளை எல்லாம் பொறுக்கி அங்கே சேர்த்திருக்கிறார்கள், ஒன்றாக இருந்தால் சிபியு கேஷில் ஒன்றாக நிற்கும் என்று. கோப்பின் தலைப்புக் குறிப்பிலேயே அதைச் சொல்லியும் இருக்கிறார்கள். பொருள் தொடர்பு என்று பார்த்தால் அந்தக் கோப்பு ஒரு அவியல். ஆனால் காரணம் தெளிவு, எனவே எனக்குக் குறையாகத் தெரியவில்லை.

காரணமே இல்லாத அவியல் யூட்டில்ஸ். அந்த டைரக்டரியைத் தயவுசெய்து அழித்துவிடுங்கள். ஆறு மாதத்தில் பாதி இன்டர்பிரட்டர் அங்கேதான் குடியிருக்கும்.

---

உயிர்மெய் | ஞாயிறு, மாலை 5:55

இழையைக் கொஞ்சம் திசைதிருப்புகிறேன், மன்னிக்கவும். உங்கள் மொழியில் மாறிகளுக்குத் தமிழில் பெயர் வைக்கலாமா? வைக்கலாம் என்றால் அதற்கான கோடு எங்கே இருக்கிறது என்பது முக்கியம்.

'தமிழ்' என்பது நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் ஐந்து கோட்பாயின்ட் (குறி எண்), யூடிஎஃப்-8 கோப்பில் 15 பைட். இகரக் குறியும் புள்ளியும் எழுத்து என்ற வகையில் சேராது, மார்க் என்ற தனி வகை. அதனால் 'இது எழுத்தா' என்று மட்டும் கேட்கும் லெக்ஸர் மகரத்தோடு நின்றுவிடும். பைதானிலேயே சோதிக்கலாம்: 'கி' என்ற ஸ்ட்ரிங்கிடம் இஸ்ஆல்ஃபா (எல்லாம் எழுத்தா) கேட்டால் இல்லை என்னும், இஸ்ஐடென்டிஃபையர் (பெயராகச் செல்லுமா) கேட்டால் ஆம் என்னும்.

சிபைதான் இதைப் பிரித்து வைத்திருக்கும் விதம் எனக்குப் பிடிக்கும். டோக்கனைசர் 128-ம் அதற்கு மேலும் உள்ள எந்தப் பைட்டையும் பெயரின் பகுதியாக இருக்கலாம் என்று விழுங்கிக்கொள்கிறது. முழுப் பெயரும் கிடைத்த பிறகு அது செல்லுமா என்று தனி ஃபங்ஷன் பார்க்கிறது. யூனிகோட் அட்டவணைகள் வேறு கோப்பில். லெக்ஸரின் உள் லூப்பில் யூனிகோட் அறிவே இல்லை.

நான் செய்த தவறையும் சொல்கிறேன். பிழைச் செய்தியில் காலம் எண்ணை (வரியில் எத்தனையாவது இடம் என்பதை) கணக்கிடும் கோடு லெக்ஸரில் ஒன்று, பார்சரில் ஒன்று, விஎம்மில் ஒன்று என மூன்று இடத்தில் இருந்தது. ஒன்று பைட்டை எண்ணியது, மற்றவை கோட்பாயின்ட்டை எண்ணின. தமிழ்ப் பெயர் உள்ள வரியில் அம்புக்குறி எங்கோ வெட்டவெளியைச் சுட்டும். இப்போது டோக்கன்கள் பைட் இடத்தை மட்டும் வைத்திருக்கின்றன. வரி, காலம் எல்லாம் பிழையை அச்சிடும் ஒரே கோப்பில்தான் கணக்காகிறது.

---

அரைப்புள்ளி | ஞாயிறு, மாலை 6:20

உயிர்மெய், திசைதிருப்பலே இல்லை. என்னுடையதில் அந்தக் கணக்கு நான்கு இடத்தில் இருக்கிறது. இப்போதுதான் எண்ணினேன்.

---

மரமேறி | ஞாயிறு, இரவு 8:30

பிரிக்கும்போது வெட்டி ஒட்டுவதைத் தவிர வேறொன்றும் செய்யாதீர்கள் என்பது என் ஒரே அறிவுரை. ஒரு கமிட்டில் இடமாற்றம், அடுத்த கமிட்டில் திருத்தம். இரண்டையும் கலந்தால் உடைந்தது எதனால் என்று கிட்டில் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. பட்டவன் சொல்கிறேன்.

---

அரைப்புள்ளி | அடுத்த ஞாயிறு, இரவு 9:10

ஒரு வாரம் ஆயிற்று. உடைந்ததை அப்படியே தூக்கிப் போட்டுவிட்டு மெயின்.சி-யில் இருந்து மறுபடி தொடங்கினேன். இப்போது நிலவரம்:

டைரக்டரி ஒன்றே ஒன்று. 13 சி கோப்புகள். ஆறு டைரக்டரித் திட்டம் குப்பையில்.

முதலில் வெளியே எடுத்தது ஆப்கோடு பட்டியலை. எடுத்த அன்றே டிஸ்அசெம்ப்ளரில் ஐந்தாவதாக ஒரு மறதி இருந்தது தெரிந்தது. ஆபரண்ட் நீளம் தவறாக இருந்து, அதற்குப் பின்னால் வரும் எல்லாவற்றையும் ஒரு பைட் தள்ளி அச்சிட்டிருக்கிறது. மாதக்கணக்கில் அந்த வெளியீட்டை நம்பிப் பிழை தேடியிருக்கிறேன்.

அடுத்து மதிப்பு. டேக்கை நேரடியாகத் தொட்ட இடங்கள் 140-க்கு மேல். இரண்டு இரவு போயிற்று, மூளை தேவைப்படாத வேலை. இப்போது வேல்யூ.ஹெச்சுக்கு வெளியே டேக் என்ற சொல்லே கிடையாது.

ஸ்ட்ரிங், லிஸ்ட், மேப் ஒவ்வொன்றும் தன் தன் கோப்பில், அவற்றின் நூலக ஃபங்ஷன்களோடு சேர்த்து. மரமேறி சொன்ன நெடுக்கு வெட்டு இங்கே பொருந்தியது, ஏனென்றால் அந்த ஐந்து கமிட்களும் அப்படித்தான் இருந்தன. லெக்ஸர், பார்சர், கம்பைலர் வரிசை வெட்டாகவே இருக்கின்றன. பிழை அச்சிடுவது தனி. யூட்டில்ஸ் இல்லை. இரண்டு ஃபங்ஷன்கள் எங்கும் போக மாட்டேன் என்று அடம்பிடித்தன, அவற்றைக் கூப்பிடுவது ஒரே ஒரு கோப்புதான் என்று தெரிந்ததும் அங்கேயே ஸ்டாட்டிக்காக உட்கார வைத்தேன்.

ஒவ்வொரு ஒதுக்கலுக்கும் கலெக்டர் ஓடும் ஃப்ளாகைப் போட்டேன். முதல் ஓட்டத்திலேயே விழுந்தது. குப்பைவண்டி சொன்ன அதே இடம், கம்பைலரின் கான்ஸ்டன்ட்கள். ஒரே கோப்பாக இருந்த காலத்திலிருந்தே அந்தப் பிழை உள்ளே இருந்திருக்கிறது.

வேகம் எல்டிஓ இல்லாமல் கொஞ்சம் குறைந்தது, போட்டதும் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. கோடு ரெப்போவில் இருக்கிறது, பார்த்துச் சொல்லுங்கள்.

---

குப்பைவண்டி | அடுத்த ஞாயிறு, இரவு 9:48

பார்த்தேன். நன்றாக வந்திருக்கிறது. மெமரி.சி-யின் ஏழாவது வரியில் விஎம்.ஹெச் இன்னும் இன்க்ளூட் ஆகிறதே?

---

அரைப்புள்ளி | அடுத்த ஞாயிறு, இரவு 9:55

எவ்வளவு மெமரி போனதும் கலெக்டரை ஓட்டுவது என்ற வரம்பு எண் விஎம் ஸ்ட்ரக்டுக்குள் இருக்கிறது. அதை எடுக்க மட்டும்தான்.

---

குப்பைவண்டி | அடுத்த ஞாயிறு, இரவு 9:57

அந்த எண்ணை விஎம்மில் வேறு யார் படிக்கிறார்கள்?

---

அரைப்புள்ளி | அடுத்த ஞாயிறு, இரவு 10:06

யாருமில்லை. மாற்றிவிட்டேன். ஏழாவது வரியும் போய்விட்டது.